ஈர மருந்தும் காணி உறுதியும்: டானியல் பூன் என்ற வேட்டைக்காரர்

1798ஆம் ஆண்டு அமெரிக்காவின் கென்டக்கி மாநிலம் தனது மாவட்டம் ஒன்றுக்கு டானியல் பூன் என்ற பெயரைச் சூட்டியது. அதே ஆண்டு அதே மாநிலத்தில், காணி வழக்கு ஒன்றில் சாட்சி சொல்ல வராத குற்றத்துக்காக டானியல் பூன் என்பவரைக் கைதுசெய்யுமாறு பிடியாணை பிறப்பிக்கப்பட்டது. இருவரும் ஒரே ஆள்தான். பொலிஸ் அதிகாரியால் அவரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. அப்போது அவருக்கு வயது 60ஐக் கடந்திருந்தது. கையில் ஒரு துண்டுக் காணியும் நிலைக்கவில்லை.

அமெரிக்கர்களுக்கு இவர் பாடப்புத்தக வீரர். 1960களில் இவரைப் பற்றி வந்த தொலைக்காட்சித் தொடரில் வால் தொங்கும் உரோமத் தொப்பியோடு வருவார். உண்மையில் அவர் அப்படியான தொப்பி அணிந்ததில்லை, சாதாரண அகல விளிம்புத் தொப்பிதான். நான் இவரிடம் வந்து சேர்ந்தது வேறு வழியால். வன்னியில் இடியன் துவக்கு என்று நாங்கள் சொல்லும் வாய்வழித் துவக்குகளைப் பற்றித் தேடிக்கொண்டிருந்தேன். குழலின் வாயால் மருந்தைக் கொட்டி, சன்னத்தைப் போட்டு, கம்பால் இடித்து இறுக்க வேண்டிய துவக்கு. அந்தத் தேடலில் திரும்பத் திரும்ப முன்னுக்கு வந்த பெயர் டானியல் பூன். வாசிக்க வாசிக்க துவக்கு பின்னுக்குப் போய்விட்டது, காணியும் காணாமல்போனவர்களும் முன்னுக்கு வந்துவிட்டார்கள்.

பூன் 1734இல் பென்சில்வேனியாவில் பிறந்தார். தகப்பன் இங்கிலாந்திலிருந்து வந்த நெசவாளி, கொல்லுத் தொழிலும் தெரிந்தவர். யுத்தத்தை ஏற்காத குவேக்கர் மதப் பிரிவைச் சேர்ந்த குடும்பம். பிள்ளைகள் சபைக்கு வெளியே கலியாணம் செய்ததால் தகப்பனுக்கும் சபைக்கும் முரண்பாடு வந்தது. 1750இல் குடும்பம் தெற்கே புறப்பட்டு, வட கரோலினாவின் யாட்கின் ஆற்றுப் பள்ளத்தாக்கில் குடியேறியது. பூன் பள்ளிக்கூடம் போனது மிகக் குறைவு. எழுத்துப் பிழை ஆயுள் முழுக்கக் கூடவே வந்தது. ஆனால் 12, 13 வயதிலேயே கையில் துவக்கு இருந்தது. வீட்டுக்கு இறைச்சி கொண்டுவருவது அவருடைய வேலையாயிற்று.

அந்தத் துவக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பென்சில்வேனியாவில் குடியேறிய ஜேர்மன் கம்மாளர்கள் செய்த நீண்ட குழல் துவக்கு அது. குழல் மட்டும் 40 அங்குலத்துக்கு மேல் இருக்கும். உள்ளே சுருள் சுருளாக வரிகள் வெட்டியிருப்பார்கள். கொழுப்புத் தடவிய துணித்துண்டில் ஈயச் சன்னத்தைச் சுற்றி இடித்து இறக்கினால், துணி அந்த வரிகளைப் பிடித்துக்கொள்ளும். வெடிக்கும்போது சன்னம் சுழன்றுகொண்டு போகும். அதனால் குறி பிசகாது. சன்னம் சிறியது, ஒரு இறாத்தல் ஈயத்தில் ஏறக்குறைய 50 சன்னம் வார்க்கலாம். மாதக்கணக்காகக் காட்டில் கிடப்பவனுக்கு இது பெரிய சிக்கனம்.

ஆனால் மழை வந்தால் எல்லாம் தலைகீழ். விசையை இழுத்ததும் குதிரையின் வாயில் கவ்வியிருக்கும் சக்கிமுக்கிக்கல் உருக்குத் தகட்டில் அடித்துப் பொறி எழுப்பும். அந்தப் பொறி பக்கத்திலுள்ள சிறு தட்டில் இருக்கும் தூள் மருந்தில் விழும். அது பற்றி, ஊசித்துளை போன்ற ஒரு ஓட்டை வழியாக உள்ளே போய்க் குழலிலுள்ள மருந்தைக் கொளுத்த வேண்டும். இந்தச் சங்கிலியில் எங்கே ஒரு துளி நீர் பட்டாலும் வெடி இல்லை. தட்டில் மருந்து ஈரமானால் கல் அடித்த சத்தம் மட்டும்தான் வரும். தட்டு பற்றி, குழல் பற்றாவிட்டால் புகையும் வெளிச்சமும் கிளம்பும், சன்னம் போகாது. மான் அதற்குள் பாய்ந்துவிடும். இரண்டாவது வெடி என்று ஒன்று கிடையாது. மறுபடி இடித்து நிரப்ப அரை நிமிடமாவது வேண்டும்.

மழை பெய்யாமல் ஈரக்காற்று வீசினாலே போதும். ஒருமுறை சுட்ட குழலில் கரி படியும். அந்தக் கரி காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் களியாகிவிடும், அடுத்த சன்னம் இறங்காது. தட்டிலிருக்கும் மருந்தும் மெல்ல மெல்லச் சேறாகிவிடும். அதனால் வேட்டைக்காரர் பல உபாயம் வைத்திருந்தார்கள். கொழுப்பில் ஊறிய தோல் துண்டு ஒன்றைத் துவக்கின் பொறியமைப்புக்கு மேலே மூடிக் கட்டுவார்கள். தட்டின் விளிம்பில் மெழுகோ கொழுப்போ பூசுவார்கள். குழல் வாயை அடைப்பார்கள். துவக்கைத் தலைகீழாகக் கமக்கட்டுக்குள் இடுக்கி நடப்பார்கள். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை தட்டைத் துடைத்துப் புதுத் தூள் போடுவார்கள். மருந்தை மாட்டுக் கொம்பில் அடைத்துத் தோளில் மாட்டுவார்கள், கொம்புக்குள் நீர் போகாது. உள்ளே போட்ட மருந்து நனைந்துவிட்டால் சுட்டுத் தள்ளவும் முடியாது. கம்பின் நுனியில் திருகாணி பூட்டி, சன்னத்தைத் துளைத்து வெளியே இழுக்க வேண்டும். பசியோடும் குளிரோடும், விரல் விறைத்த நிலையில்.

இத்தனை பாடு இருந்தும் மழைநாளில் வேட்டைக்குப் போகாமல் இருக்கமாட்டார்கள். காய்ந்த சருகு நொறுங்கும், நனைந்த சருகு நொறுங்காது. மழை விட்ட கையோடு, காற்றுக்கு எதிராக நடக்கத் தெரிந்தவன் மானுக்கு மிகக் கிட்டப் போகலாம். காட்டுப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை.

பூன் சுட்டது வெண்வால் மான். தேவை இறைச்சியைவிடத் தோல். ஐரோப்பாவில் கையுறைக்கும் காற்சட்டைக்கும் மான்தோல் போனது. எல்லைப்புறத்தில் காசு அரிதென்பதால் தோல்தான் காசு. இன்றும் அமெரிக்கர் டொலரை ‘பக்’ என்பது கலைமானைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். கோடையிலும் இலையுதிர் காலத்திலும் மான், குளிர் காலத்தில் உரோமத்துக்காக நீர்நாய் போன்ற பீவர். ஒரு குதிரையில் ஏறக்குறைய 100 தோல் ஏற்றலாம். சேர்த்த தோல்களை மரப்பரணில் அடுக்கி, மேலே மரப்பட்டை போட்டு மழைக்கு மூடுவார்கள். மூட்டை நனைந்து புழுத்தால் ஒரு வருட உழைப்பு போய்விடும்.

1755இல் பிரித்தானியப் படையின் வண்டிச் சாரதியாகப் போன பூன், அந்தப் படை காட்டுக்குள் சின்னாபின்னமானபோது குதிரையை அவிழ்த்துக்கொண்டு தப்பி ஓடினார். அடுத்த ஆண்டு றெபேக்கா பிரையனைக் கலியாணம் செய்தார். பத்துப் பிள்ளைகள். மாதக்கணக்கில், சிலவேளை வருடக்கணக்கில் கணவன் காட்டில் நிற்க, தோட்டமும் பிள்ளைகளும் கடனும் றெபேக்காவின் தலையில். அவருடைய பக்கத்துக் கதையை யாரும் உரிய நேரத்தில் கேட்டு எழுதி வைக்கவில்லை. பூனின் வாழ்க்கை வரலாற்றில் எனக்குப் பெரிய குறையாகத் தெரிவது அதுதான்.

1769 மே மாதம் பூனும் மைத்துனர் ஜோன் ஸ்டுவார்ட்டும் இன்னும் சிலரும் கம்பர்லாந்து கணவாயைக் கடந்து கென்டக்கிக்குள் இறங்கினார்கள். அமெரிக்கப் புத்தகங்கள் அதை ஆளில்லாக் காடு என்று எழுதும். ஆளில்லாக் காடு அல்ல. ஷோனி, செரோக்கி மக்களின் வேட்டை நிலம் அது. மலைக்கு மேற்கே குடியேறக்கூடாது என்று 1763இல் பிரித்தானிய அரசனே பிரகடனம் செய்திருந்தார். 1768இல் ஒரு ஒப்பந்தத்தில் அந்த நிலத்தின் பெரும்பகுதியை வடக்கேயிருந்த இரோக்குவாய் கூட்டமைப்பு எழுதிக் கொடுத்தது. அங்கே வேட்டையாடி வாழ்ந்த ஷோனிகளின் சம்மதம் அதில் இல்லை. ஒருவருடைய காணிக்கு இன்னொருவர் கையெழுத்துப் போட்ட கதை.

அந்த டிசெம்பரில் கப்டன் வில் என்று அறியப்பட்ட ஷோனித் தலைவரின் குழு பூனையும் ஸ்டுவார்ட்டையும் பிடித்தது. சேர்த்த தோல், துவக்கு, குதிரை எல்லாம் பறிமுதல். ஆனால் கொல்லவில்லை. ஊர் போய்ச் சேர ஆளுக்குச் சில செருப்புகளும், ஒரு சின்னத் துவக்கும், கொஞ்சம் மருந்தும் கொடுத்து, திரும்ப வரவேண்டாம் என்று எச்சரித்து அனுப்பினார்கள். களவு போன மானுக்கு உரிமையாளர் விதித்த தண்டனை என்று பார்த்தால் மிக நிதானமான தண்டனை. பூன் அதைக் கேட்கவில்லை. பின்னால் போய்க் குதிரைகளைத் திருடி, மறுபடி அகப்பட்டு, மறுபடி தப்பினார். காட்டை விட்டு வெளியேறவும் இல்லை.

சில வாரங்களில் ஸ்டுவார்ட் ஆற்றுக்கு அப்பால் வேட்டைக்குப் போனார். திரும்பி வரவில்லை. பூன் தேடினார். அணைந்த நெருப்பு ஒன்றும், மரத்தில் வெட்டிய எழுத்தும்தான் கிடைத்தன. ஏறக்குறைய ஐந்து ஆண்டுகளின் பின், பாதை வெட்டிக்கொண்டு போனவர்கள் பொந்து விழுந்த பெருமரம் ஒன்றுக்குள் எலும்புக்கூடு ஒன்றைக் கண்டார்கள். மருந்துக் கொம்பில் செதுக்கியிருந்த எழுத்துகளை வைத்துத்தான் அது ஸ்டுவார்ட் என்று பூன் உறுதிசெய்தார். ஒரு பொருளை வைத்து ஆளை அடையாளம் காண்பது எப்படியென்று இதை வாசிக்கும் பலருக்குத் தெரியும். ஸ்டுவார்ட்டின் மனைவி பூனின் தங்கை ஹன்னா. அந்த ஐந்து ஆண்டும் அவர் எப்படி இருந்தார் என்று வரலாறு சொல்லவில்லை.

1771இல் ஊர் திரும்பும் வழியில் பூனிடமிருந்து மிச்சத் தோல்களும் பறிக்கப்பட்டன. இரண்டு வருடத்துக்கு மேலான வேட்டை, கடைசியில் கையில் எதுவுமில்லை. ஆனாலும் 1773இல் குடும்பத்தையும் இன்னும் பலரையும் கூட்டிக்கொண்டு கென்டக்கியில் குடியேறப் புறப்பட்டார். சாமான் கொண்டுவரப் பின்னே போயிருந்த மூத்த மகன் ஜேம்ஸ் ஒக்டோபர் 10ஆம் திகதி விடியற்காலையில் தாக்கப்பட்டு, சித்திரவதை செய்யப்பட்டுக் கொல்லப்பட்டான். வயது 16. றெபேக்கா தன்னிடமிருந்த துணி விரிப்புகளைக் கொடுத்து, பிள்ளையை அதில் சுற்றிப் புதைக்கச் சொன்னார். பயணம் கைவிடப்பட்டது. அடுத்த வசந்தத்தில் பூன் தனியே அந்த இடத்துக்குப் போனார். ஓநாய்கள் புதைகுழியைக் கிளறியிருந்தன. மகனின் உடலைப் பார்த்து, மறுபடி மூடி, மேலே மரமும் கல்லும் அடுக்கினார். அப்போது கடும் மழை பிடித்தது. தன் வாழ்வில் அதைவிட மனம் உடைந்த நாள் இல்லை என்று பிற்காலத்தில் குடும்பத்தாரிடம் சொல்லியிருக்கிறார்.

மகனை இழந்தவர் ஏன் மறுபடி அதே பாதையில் போனார்? என்னால் முழுதாக விளங்கிக்கொள்ள முடிகிற கேள்வி அல்ல. 1775இல் காணி வியாபாரி றிச்சர்ட் ஹென்டர்சன் செரோக்கித் தலைவர்கள் சிலரிடம் ஏறக்குறைய 2 கோடி ஏக்கரைச் சாமான்கள் கொடுத்து வாங்கினார். டிராகிங் கனூ என்ற இளம் தலைவர் அந்த விற்பனையை எதிர்த்து வெளியேறினார். ஹென்டர்சனுக்காகப் பாதை வெட்டியவர் பூன். அந்தப் பாதையின் முடிவில் எழுந்தது பூன்ஸ்பரோ கோட்டை. சில ஆண்டுகளில் வேர்ஜீனியா அரசு ஹென்டர்சனின் உறுதிகளே செல்லாது என்றது. பூனுக்குக் கூலியாக வாக்களித்த காணியும் அதோடு போனது.

1778 பெப்ரவரியில், உப்புக் காய்ச்சப் போன தன் ஆட்களுக்காக வேட்டையாடிவிட்டு, பனி கொட்டும் நேரத்தில் இறைச்சி ஏற்றிய குதிரையோடு வந்துகொண்டிருந்தார் பூன். ஷோனிகள் சுற்றி வளைத்தார்கள். சுமையை அறுத்துவிட்டு குதிரையில் தப்ப நினைத்தால், கத்தி உறையோடு சேர்ந்து உறைந்துபோய் உருவ வரவில்லை. கோட்டையைக் காப்பாற்றுவதற்காகத் தன் ஆட்களையும் சரணடையச் செய்தார். ஷோனித் தலைவர் பிளாக்பிஷ் அவரைத் தன் மகனாகத் தத்தெடுத்தார். பெரிய ஆமை என்று பொருள்படும் ஷெல்டோவி என்ற பெயரும் வைத்தார். வேட்டைக்கு விடுவார்கள், ஆனால் சன்னத்தை எண்ணிக் கொடுப்பார்கள். பூன் சன்னத்தைப் பாதியாக வெட்டி, மருந்தையும் குறைத்துப் போட்டுச் சுட்டு, மிச்சத்தை ஒளித்துச் சேர்த்தார். கோட்டையைத் தாக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் ஜூனில் தப்பி, 160 மைலை நாலு நாளில் கடந்தார். கோட்டைக்கு வந்தபோது றெபேக்கா அங்கே இல்லை. கணவன் இறந்துவிட்டாரென்று எண்ணி, பிள்ளைகளோடு கரோலினாவுக்கே திரும்பிப் போயிருந்தார்.

செப்டெம்பரில் பிளாக்பிஷ் 400க்கு மேற்பட்டவர்களோடு வந்து முற்றுகையிட்டார். வளர்ப்பு மகனோடு பேச்சுவார்த்தையும் நடந்தது, குழம்பியது. ஆற்றங்கரையிலிருந்து கோட்டை மதிலுக்கு அடியால் சுரங்கம் தோண்டினார்கள். மழை கொட்டியது. கூரைமேல் எறிந்த தீப்பந்தங்கள் அணைந்தன, சுரங்கம் இடிந்து விழுந்தது. ஆயுள் முழுக்க மருந்தை நனைத்த மழை அந்த ஒருமுறை பூனின் பக்கம் நின்றது. முற்றுகை முடிந்ததும் சொந்த ஆட்களே அவரைத் துரோகி என்று இராணுவ நீதிமன்றில் நிறுத்தினார்கள். விடுதலையாகி, மேஜராகப் பதவி உயர்வும் கிடைத்தது. ஆனால் எதிரியோடு சேர்ந்து சாப்பிட்டவன் என்ற சந்தேகம் சிலருடைய வாயில் கடைசிவரை இருந்தது. சிறைபட்டுத் திரும்பியவனை ஊர் பார்க்கும் பார்வை எங்கும் ஒன்றுதான் போலும்.

1780இல் கூடவே வேட்டைக்குப் போன தம்பி எட்வேர்ட் கொல்லப்பட்டார். 1782 ஓகஸ்ட் 19இல் புளூ லிக்ஸ் சண்டையில் இரண்டாவது மகன் இஸ்ரேல் தகப்பன் கண்முன் விழுந்தான்.

இதற்குப் பின்தான் அவர் பிரபலமானார். 1784இல் ஜோன் பில்சன் என்பவர் கென்டக்கி பற்றி எழுதிய நூலில் பூனின் கதை, பூனே சொல்வதுபோலச் சேர்க்கப்பட்டது. ஊடகக் கற்கை படித்த எனக்கு இதில் சுவாரசியம் உண்டு. பில்சன் கென்டக்கியில் காணி வைத்திருந்தவர். ஆட்கள் குடியேறினால் விலை ஏறும். நூலிலுள்ள அலங்கார நடை, எழுத்துக்கூட்டத் தடுமாறும் ஒரு வேட்டைக்காரரின் நடை அல்ல. காணி விளம்பரத்துக்காக ஒரு மனிதன் வீரனாக்கப்பட்டார். ஐரோப்பாவரை அந்தக் கதை போனது. அதில் ஒரு சதமும் பூனுக்கு வரவில்லை.

வாசித்தவர்கள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். கென்டக்கியில் எங்கள் தோம்பு போல முன்கூட்டியே அளந்து பதிந்த ஒழுங்கு எதுவும் இருக்கவில்லை. அவரவர் தாங்களே மரத்தையும் ஓடையையும் எல்லையாகச் சொல்லி உரிமை கோரலாம். ஒரே நிலத்துக்கு மூன்று நாலு உறுதி. கூரை ஓடுபோல ஒன்றன்மேல் ஒன்று. பூன் நில அளவையாளராகவும் வேலை செய்தார். கவனமான அளவையாளர் அல்ல. அவர் அளந்த எல்லைகள் வழக்கில் தோற்றபோது நட்டஈடு கேட்டு அவர்மேலேயே வழக்கு வந்தது. சொந்தக் காணிகளும் பதிவுக் குறையால் ஒவ்வொன்றாகப் போயின. காணிப் பத்திரம் வாங்க ஊரார் தந்த ஏறக்குறைய 20,000 டொலர் ஒரு சத்திரத்தில் களவுபோனது. ஜின்செங் கிழங்கு வியாபாரம் செய்தார், படகில் நீர் புகுந்து கிழங்கு கெட்டது. அடிமைகளையும் வைத்திருந்தார், 1787இல் ஏழு பேர். சுதந்திர மனிதன் என்று அவரைப் பாடுகிறவர்கள் இந்த வரியைத் தாண்டிவிடுவார்கள்.

1799இல் ஸ்பானிய ஆட்சியிலிருந்த மிசூரிக்குப் போனார். அங்கே 850 ஏக்கர் கிடைத்தது. ஆட்சி அமெரிக்காவுக்குக் கைமாறியதும், முறைப்படி பதியவில்லை என்று அதையும் எடுத்துவிட்டார்கள். பத்தாண்டு மனுக்கொடுத்து 1814இல் திரும்பப் பெற்றபோது றெபேக்கா இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. பெற்ற காணியில் பெரும்பகுதியை விற்றுக் கென்டக்கிக் கடன்காரருக்குக் கொடுத்தார்.

மிசூரியில் அவரோடு வேட்டைக்குப் போனவர் டெரி கோபேர்ன், மகனுக்குச் சொந்தமான அடிமை. வாதம் பிடித்த உடம்போடு பூன் முடிந்த காலமெல்லாம் காட்டுக்குப் போனார். கென்டக்கியையும் ஒஹாயோவையும் இழந்த ஷோனிகள் சிலரும் அப்போது மிசூரிக்கு இடம்பெயர்ந்து வந்திருந்தார்கள். அவரைச் சிறைபிடித்து வைத்திருந்த ஊரின் ஆட்களும் அவர்களில் இருந்தார்கள். பழைய மகனைத் தேடி வந்து சந்தித்தார்கள். என்ன பேசினார்கள் என்பது எழுதப்படவில்லை. சில ஆண்டுகளில் ஷோனிகள் அங்கிருந்தும் மேற்கே துரத்தப்பட்டார்கள்.

பூன் 1820 செப்டெம்பர் 26இல் மகன் நேதனின் வீட்டில் இறந்தார். றெபேக்காவுக்குப் பக்கத்தில் புதைத்தார்கள். 1845இல் கென்டக்கிக்காரர் வந்து இருவரின் எலும்புகளையும் தோண்டி எடுத்துப்போய், பிராங்போர்ட் நகரில் புதைத்தார்கள், பின்னர் நினைவுத்தூணும் நிறுத்தினார்கள். அவர்கள் தோண்டியது வேறு யாருடையதோ குழி என்று மிசூரிக்காரர் இன்றும் சொல்கிறார்கள்.